உந்தப் பச்சை

ஒரேயொரு எழுத்தைக் கொண்டு ஓர் உள்நாட்டு யுத்தத்தை நிறுத்தியவன் நான். துவக்கு வேண்டியிருக்கவில்லை, கப்பல் வேண்டியிருக்கவில்லை. நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தாகிய 'உ' போதுமாயிருந்தது. நம்பாதவர்கள் கிழக்குக்கலட்டியின் பழைய ஊரதிகாரி, விதானையார் கதிரவேலுவைக் கேட்கலாம். அவர் எதையும் நம்பாத மனிதர். கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டால், ஆரோ ஒளித்து நிற்கிறான் என்று கண்ணாடியின் முதுகைத் திருப்பிப் பார்ப்பார்.

முப்பத்துநான்காம் ஆண்டு பங்குனி. கரவெட்டிக்கு அருகே மேற்குக்கலட்டி, கிழக்குக்கலட்டி என்று இரண்டு குறிச்சிகள்; நடுவே ஒரு குறுகிய தெரு, எங்கள் பேச்சில் ஒழுங்கை. இரண்டுக்கும் தனித்தனிக் கிணறு, தனித்தனிப் புகையிலைத் தோட்டம். அந்த ஆண்டு இரண்டு கிணற்றுத் தண்ணீரும் உவர்த்துப் போயிற்று. மேற்கார் சாக்குச் சாக்காக உப்புக் கொட்டினார்கள் என்று கிழக்கு சொன்னது. கிழக்கார் கொட்டினார்கள் என்று மேற்கு சொன்னது. துலாக்கயிறுகள் அறுபட்டன. அன்று ஒழுங்கையில் விழுந்த கல்லை அடுக்கியிருந்தால் யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு கோட்டை கிடைத்திருக்கும். வசவுச் சத்தம் கடல் தாண்டி வேதாரணியத்தில் கேட்டதாக ஒரு தோணிக்காரன் என்னிடம் சொன்னான். நான் அதைக் கூட்டிச் சொல்லவில்லை.

அப்போதுதான் சர்வதேசம் தலையிட்டது. சர்வதேசத்தின் பெயர் பெர்ணார் துரை. சுவிஸ்காரர். ஜெனீவாவில், சண்டை பிடிக்கும் நாடுகளை மேசையில் இருத்திச் சமாதானம் பேசுகிற சபையில் எழுதுவினைஞராக இருந்தவர். கடற்காற்று உடம்புக்கு நல்லதென்று பருத்தித்துறைக்கு வந்தவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சென்னையில் இரண்டு மாதம் தமிழ் படித்திருந்தார். அது போதாதென்று, பருத்தித்துறை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாயிருந்த என்னையும் பிடித்துக்கொண்டார்.

"பறங்கியும் எங்கடை சண்டையைத் தீர்க்க எண்டுதான் வந்தவன்," என்றார் கதிரவேலு விதானையார். "ஒல்லாந்தன் பறங்கியைத் தீர்க்க வந்தவன். இங்கிலீசுக்காரன் ஒல்லாந்தனைத் தீர்க்க வந்தவன். உவர் ஆரைத் தீர்க்க வாறார்?"

துரை இதை மொழிபெயர்க்கச் சொன்னார். "உங்கள் வரவு நல்வரவு என்கிறார்," என்றேன்.

துரையோடு கூட வந்தவள் அருமைநாயகி. கரவெட்டிப் பெண், இருபத்தாறு வயது, கல்கத்தாவில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். பட்டத்தைப் பார்த்த பள்ளிக்கூடம் அவளுக்குத் தையல் வகுப்புக் கொடுத்திருந்தது. சனி ஞாயிறுகளில் சைக்கிளில் போய் வடமராட்சியின் கிணறுகளையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்துப் படம் கீறி வைத்திருந்தாள். ஒருவரும் உப்புக் கொட்டவில்லை, கல்லுக்குக் கீழே குகைவழி ஓடுகிறது, இரண்டு கிணறும் ஒரே தண்ணீர், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் உள்ளே வரும் என்பது அவள் கட்சி.

குடாநாட்டுக் கிணறுகளை ஆராய ஓர் உத்தியோகத்தரை நியமிக்க அரசாங்கம் விளம்பரம் செய்திருந்தது. அவளும் விண்ணப்பித்தாள். பெயரின் கடைசியில் 'நாயகி' என்று கண்டதும் அதை மடித்து வைத்துவிட்டார்கள். துரை சொன்னார்: "இரு பகுதியும் உன் சோதனையை ஒப்புக்கொண்டால், அந்தக் கையெழுத்துகளோடு நானே கச்சேரிக்கு, அரசாங்க அதிபருக்கு எழுதுகிறேன். ஒரு பகுதி மறுத்தாலும் என்னிடம் ஒன்றுமில்லை."

சோதனை இதுதான். மேற்குக் கிணற்றில் ஒரு சாயத்தை இறக்குவது. அது கிழக்குக் கிணற்றில் வருகிறதா என்று பார்ப்பது. அவள் பொடியைக் கடதாசியில் கொட்டி இரண்டு பகுதிக்கும் காட்டினாள். செங்கல் தூள்போல நல்ல சிவப்பு.

"நஞ்சோ?" என்றார் விதானையார்.

"இல்லை ஐயா. வேணுமெண்டால் நான் தின்னுறன்."

"தின்னு, பாப்பம்."

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். விதானையார் அவள் விழுவாள் என்று கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒப்பந்தம். கடதாசியின் தலையில் நான் வழக்கம்போலப் பிள்ளையார் சுழி போட்டேன். முதலாம் விதி விதானையார் சொல்லி எழுதியது: எவருடைய கிணற்றடியிலும் வெளியார் கால் வைக்கக் கூடாது, உடையவரின் வாய்ச்சொல்லே சாட்சி. ஜெனீவாவிலும் எல்லா நாடும் இதைத்தான் முதலில் கேட்கும் என்று துரை பெருமூச்சு விட்டார்.

மேற்குக்கலட்டித் தலைவர் சீவரத்தினம் தம் கிணற்றை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்தார். பொடியைத் துணியில் முடிந்து கயிற்றில் இறக்கினாள். ஒருவரும் எட்டிப் பார்க்குமுன் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளித் துணியில் சுற்றிக்கொண்டு, பின்னிய தென்னோலைக் கிடுகால் கிணற்றை மூடினாள். மூடியில் துரை அரக்கு முத்திரை வைத்தார். விதானையாரும் தம் கிணற்றைக் கிடுகால் மூடி, ஒருவரையும் கிட்ட விடாமல் கதிரை போட்டுக் காவல் இருந்தார். மூன்று நாளும் காலையில் தாம் மட்டும் ஒரு செம்பு அள்ளிப் பார்த்தார்.

நாலாம் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. பள்ளிக்கூடக் கதிரையில் என்ன இருக்குமோ என்று விதானையார் வீட்டிலிருந்தே கதிரை கொண்டுவந்தார், தண்ணீரும் கொண்டுவந்தார். அருமைநாயகி மேசைக்கு மறுபக்கம், துரைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கையில், சீலைத்துண்டு இறுக்கிச் சுற்றிய அந்தப் போத்தல்.

"சாயம் வந்ததா?" என்று விதானையாரைக் கேட்டார் துரை.

"சிவப்பும் வரேல்லை, கிவப்பும் வரேல்லை."

மண்டபம் இரைந்தது. சீவரத்தினம் எழும்பினார். "அப்ப உப்புக் கொட்டினது நாங்கள் எண்டுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. தண்ணி சொல்லுது."

துரை பேனாவை மூடினார். நான் அருமைநாயகியைப் பார்த்தேன். தையல் ஊசி அவள் கண்ணுக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் விடவில்லை. போத்தலைச் சுற்றிய துணியோடு உயர்த்திப் பிடித்தாள்.

"மேற்குக் கிணத்திலை மூடிக்குக் கீழை கிடக்கிற தண்ணி இது, ஐயா. இதுவோ உங்கடை கிணத்திலையும் வந்தது?"

"உந்தப் பச்சை என்ரை கிணத்திலை வரேல்லை, பிள்ளை."

அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். துரை கையைக் காட்டி நிறுத்தினார். சென்னைத் தமிழ் அவரைக் காப்பாற்றவில்லை, எங்களைக் காப்பாற்றியது.

"உண்ட பச்சையா? பச்சையை யார் உண்டது?"

சபை சிரித்தது. நான் நீதிமன்றப் பாணியில் தொண்டையைச் செருமினேன். "உண்ட அல்ல துரை, உந்த. இந்த என்றால் சொல்பவருக்குக் கிட்ட உள்ளது. அந்த என்றால் இருவருக்கும் தூர உள்ளது. உந்த என்றால் கேட்பவருக்குக் கிட்ட உள்ளது. யாழ்ப்பாணத்தார் இந்த எழுத்தை விடவில்லை."

"அப்படியானால் எனக்குக் கிட்ட, இந்தப் பெண்ணுக்குக் கிட்ட, பச்சை என்ன இருக்கிறது?"

துரை தம் சட்டையைப் பார்த்தார். வெள்ளை. அவள் சேலையைப் பார்த்தார். நீலம். மேசை கறுப்பு. பிறகு எல்லாரும் ஒரேயடியாகத் துணி சுற்றிய போத்தலைப் பார்த்தோம். உள்ளே என்ன நிறமென்று எனக்குத் தெரியாது. சபையில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் கண்டதெல்லாம் சிவப்புப் பொடி.

விதானையார் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். "நான் பச்சைப் பொய் எண்டு சொல்ல வந்தனான். பொய் தொண்டைக்குள்ளை நிண்டிட்டுது."

"பொய் எண்டால் கிணத்திலை வருமோ ஐயா?" என்றேன். "'என்ரை கிணத்திலை வரேல்லை' எண்டெல்லோ எழுதி வைச்சிருக்கிறன்."

அருமைநாயகி துணியை அவிழ்த்தாள். பொடி சிவப்பு; தண்ணீரில் கரைந்தால் அது கிளிப்பச்சை. யன்னல் வெயில் பட்டதும் போத்தலுக்குள் ஒரு விளக்கு எரிந்தது போலிருந்தது. அந்த வெளிச்சத்தில் கச்சேரி வரைக்கும் கடிதம் எழுதியிருக்கலாம்.

"தண்ணியிலை பச்சையாகுமெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள். "துரைக்கும் சொல்லேல்லை."

"என்னையும் நம்பேல்லையோ பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

"உங்களை எப்பிடி நம்புறது? நீங்கள் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லுவியள்."

மேற்கார் சிரித்தார்கள். கொஞ்சம் பிந்திக் கிழக்காரும் சிரித்தார்கள். விதானையார் மட்டும் சிரிக்கவில்லை. தாம் கொண்டுவந்த கதிரையிலிருந்து எழும்பி, மேசையடிக்கு வந்து, போத்தலை வாங்கி, அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். என்னையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியாகப் போத்தலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, அவளைப் பார்த்தார்.

"கடதாசியைக் கொண்டா, ஒப்பம் வைக்கிறன்," என்றார். "ஓம், பிள்ளை. ரெண்டாம் நாள் விடியவே வந்திட்டுது. உதே பச்சை."