வாசல் தாண்டாதவள்

மேலங்கியை மாட்டிக்கொண்டு மிலேனா கூடத்துக்கு வந்தபோது, மாமியார் தொதோர்கா வாசற்கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு, அத்தை. குழந்தையை ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேன்."

"பெத்து ரெண்டு வாரம்கூட முடியலை. நாப்பது நாள் கழியாம வாசல் தாண்டுவியா? உங்க வீட்டுல உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா?"

மிலேனா கணவனைப் பார்த்தாள். இரவு வேலை முடித்து வந்த அசென், சூப்புத் தட்டுக்குள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

குழந்தை இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தாய்க்கு உடம்பு தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றே அவள் மணிக்கட்டில் சிவப்பு நூல் ஏறியது. கட்டில் காலில் பூண்டு தொங்கியது. பாதிரியார் வந்து ஜெபம் சொல்லும்வரை அவள் தீட்டுக்காரி. மாவைத் தொடக்கூடாது, கிணற்றை நெருங்கக்கூடாது, தெருவில் தலை காட்டக்கூடாது. மற்ற வீடுகளில் இந்த நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் ஒரே போர்வைக்குள் கிடப்பார்கள். இங்கே பிள்ளை இல்லை. காவல் மட்டும் இருந்தது.

குழந்தை பிறந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குத் தொதோர்கா சேதியே சொல்லவில்லை. "உசிரு தங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். பெயரும் அதற்குப் பிறகுதான்.

எல்லாவற்றையும்விடப் பாலின் கதைதான் கொடுமை. மார்பு கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க மிலேனா பீய்ச்சி, புட்டியில் அடைத்து வைப்பாள். அசென் வேலை பார்க்கும் தொழிற்சாலை அதே நகரத்தில்தான் இருந்தது. ஆனால் அவனுடைய பஸ் இருட்டிய பிறகுதான் வரும். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து பொழுது சாய்ந்தபின் ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது. காலையில் தொதோர்கா அந்தப் பாலை எடுத்துப் போய், யார் காலும் படாத இடமாகப் பார்த்து, பேரிக்காய் மரத்தடியில் ஊற்றிவிடுவாள்.

"பகல்ல ஒரு தரம் கொண்டு போய்க் குடுத்தா என்ன?" என்று மிலேனா கேட்டாள்.

"ராத்திரி முழுக்க நிக்கறேன் மிலேனா. தூங்க வேண்டாமா?" என்றான் அசென். "அங்க டாக்டர் இருக்காங்க. பால் பவுடர் குடுப்பாங்க. அம்மாகிட்ட என்னால மல்லுக்கட்ட முடியாது."

மறுநாள் ரும்யானா போன் செய்தாள். பிரசவ வார்டு வராந்தாவில், அழுதுகொண்டிருந்த மிலேனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள். அவளுடைய மகனும் அதே கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தவன். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதிலிருந்து, அங்கே குழந்தையை விட்டிருக்கும் தாய்மார்களுக்குத் துணையாக இருப்பதை அவளும் இன்னும் சில பெண்களும் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மிலேனா, உன் பொண்ணைப் பார்க்க ஒருத்தரும் வரலையாமே? நர்ஸ் என்கிட்ட கேக்கறாங்க. எடை குறைஞ்சிருக்கு. பவுடர் பால் வயித்துல நிக்க மாட்டேங்குது. தாய்ப்பால் வேணுமாம். நீ ஏன்மா வரலை?"

"விட மாட்டேங்கறாங்க அக்கா."

"யாரு?"

"வீட்டுல."

"நான் கார் எடுத்துக்கிட்டு வரேன்" என்றாள் ரும்யானா.

மதியம் கார் வந்து நின்றது. மிலேனா கையில் ஒரு பையோடு கூடத்துக்கு வந்தாள். தொதோர்கா மறுபடி கதவை மறித்தாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

"எனக்கும் ஏழு மாசத்துல ஒண்ணு பிறந்துச்சு, தெரியுமா? அசெனுக்கு முன்னாடி. நான் ஓடினேனா? இதே ரூம்ல நாப்பது நாளும் கிடந்தேன்."

மிலேனா இதுவரை கேள்விப்படாத சேதி அது. "அப்புறம் அந்தக் குழந்தை?"

"அப்புறம் என்ன. போயிடுச்சு."

"எங்க புதைச்சாங்க?"

தொதோர்கா கதவுத் தாழ்ப்பாளை விரலால் தேய்த்தாள். "யாரு கேட்டா? கேக்கற வழக்கமில்லை" என்றாள். பிறகு முகம் கெட்டிப்பட்டது. "நான் பொறுத்தேன்ல? நீ மட்டும் என்ன ராணியா?"

"நான் பொறுக்கப் போறதில்லை, அத்தை. தள்ளுங்க."

கிழவி அந்த முகத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, கதவைவிட்டு விலகாமல் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினாள். "போறதுன்னா பின்பக்கமா போ. தெரு பார்க்கக் கூடாது. தீட்டோட திரும்பியும் வராதே. நாப்பது முடிஞ்சு வா."

மிலேனா தோட்டத்து வேலியைத் தாண்டிப் போனாள். ரும்யானா காரைச் சந்துக்குள் கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டில் 'மிலேனாவின் பெண்' என்று மட்டும் இருந்தது. குழந்தை, தோலுரித்த பறவைக்குஞ்சுபோலச் சிவந்து கிடந்தது. நர்ஸ் குழாய்களோடு சேர்த்து அதைத் தூக்கி, மிலேனாவின் திறந்த மார்பில் வைத்துப் போர்த்தினாள். அந்தக் கனமில்லாத கனம் மேலே பட்டதும் மிலேனா தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் தீட்டு. என் கை படலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

நர்ஸுக்குப் புரியவில்லை. ரும்யானாவுக்குப் புரிந்தது. "கையைச் சோப்புப் போட்டுக் கழுவினியா? அவ்வளவுதான்" என்றாள். "பேரு என்னம்மா இவளுக்கு?"

"நேதா" என்றாள் மிலேனா. அந்தப் பெயர் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தாய்மார்களுக்காக ரும்யானாவின் கூட்டம் ஓர் அறை வைத்திருந்தது. மிலேனா அங்கே தங்கினாள். தினமும் போய் மார்பில் போட்டுக்கொண்டாள், சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டினாள். ஒருநாள் நேதாவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அன்று ரும்யானா வராந்தாவில் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அசென் இரண்டு முறை வந்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "அம்மா கேட்டா நான் வரலைன்னு சொல்லு" என்று போனான்.

குளிர்காலம் முடிந்தபோது நேதா வீட்டுக்கு வந்தாள். பாதிரியார் வந்து மிலேனாவின் தலைக்கு மேல் ஜெபம் சொல்லி, அவளைச் சுத்தமாக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் எல்லாம் ரொட்டியும் தேனுமாக வந்து கூடத்தை நிறைத்தார்கள். தொதோர்கா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள்.

"எலிக்குஞ்சாட்டம் பிறந்தவ. எப்படிப் பிழைச்சாங்கறீங்க? வழக்கத்தை விடலை நாங்க. இவ அம்மா நாப்பது நாளும் வாசல் தாண்டலை. ஜன்னல் திரையைக்கூட விலக்கலை. அதுக்குப் பலன் இது."

"பார்த்தோமே, திரை மூடியேதான் கிடந்துச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. பெண்கள் தலையசைத்தார்கள். அசென் கையிலிருந்த கிளாஸுக்குள் பார்த்தான்.

"நான் இங்க இருக்கவே இல்லை" என்றாள் மிலேனா.

பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பெத்து ரெண்டு வாரத்துல கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரிலதான் இருந்தேன். தீட்டோடதான் இவளைத் தொட்டேன். தீட்டுப் பாலைத்தான் குடிச்சா. அதான் பிழைச்சா."

தொதோர்கா பதறவில்லை. மருமகளைக் கனிவாகப் பார்த்து, மற்றவர்கள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா. பால் தலைக்கேறிப் புத்தி கலங்கிடுச்சு. அப்பப்ப இப்படித்தான் பேசறா."

"ஆமாமா, ஆகறதுதான்" என்றார்கள். ஒருத்தி எழுந்துவந்து மிலேனாவின் தலையைத் தடவினாள். இன்னொருத்தி அவள் தட்டில் பெரிய துண்டாக ரொட்டி வைத்தாள். பேச்சு திரும்பவும் வழக்கங்களின் மகிமைக்குப் போய்விட்டது.

எதிர்வீட்டு மருமகள் ஸ்லாத்கா மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. ஆறு மாத வயிற்றோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தவள், ரொட்டி எடுக்கும் சாக்கில் மிலேனாவிடம் நகர்ந்து வந்தாள். தன் மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"ஆஸ்பத்திரில நிஜமாவே தொட விடுவாங்களா, அக்கா?"

"விடுவாங்க" என்றாள் மிலேனா, எல்லார் காதிலும் விழும்படி. "வீட்டுலதான் விட மாட்டாங்க."