வாசலில் இருந்த பெட்டி

அன்று விடியும்போது கொட்டகையில் இருந்தவர்கள்: நான், என் மருமகள், மூக்கன், அடுப்பு ஆட்கள் பதினொரு பேர். ஆறு மணிக்கு முதலாளியும் காற்றை அளக்கும் அம்மாளும் வந்தார்கள். வேறு யாரும் இல்லை.

பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து உருக்குவது எங்கள் வேலை. கைப்பிடிக் கம்பி சுடும். துணி சுற்றிக்கொண்டுதான் கிளற வேண்டும். மூக்கன் ஒரு துண்டைக் கொளுத்தி, புகையை முகர்ந்தே வகை சொல்லுவான். மூன்று மாதமாக அவனுக்கு வாசனை தெரியவில்லை. போன வாரம் ஆகாத வகையை அடுப்பில் கொட்டிவிட்டான். அந்தப் புகையில்தான் என் மருமகள் சுருண்டு விழுந்தாள்.

எந்த வட்டாரம் பசுமையாக வளர்கிறது என்று நாடு முழுவதும் அளக்கிறார்களாம். காற்றை அளக்கும் பெட்டியை முதலாளி வாசல் பூந்தொட்டிகளுக்கு நடுவே வைக்கச் சொல்லியிருந்தார்.

"பெரியவரே, இருமுறவங்கள இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிடுங்க. நம்ம வட்டாரம்தான் முதல்ல வரப்போகுது."

"அப்ப அடுப்பு மட்டும்தான் இருக்கும். அதுக்குத்தான் இருமல் இல்ல" என்றான் மூக்கன்.

"வாய அடக்குடா. அந்தப் பொண்ணு விழுந்ததே உன்னாலதான்." முதலாளி என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுப் பொண்ணுக்காகத்தான் சொல்றேன்."

மருமகள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, நான் போகல."

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒளிந்து நின்று பிழைத்ததில்லை.

"மூக்க இழந்தது அவன். புகையக் கொடுத்தது நீங்க" என்றேன். அம்மாளிடம் கேட்டேன்: "தாயி, பெட்டி எங்க இருக்கணும்னு விதி?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். "ஆளுங்க வேலை செய்யற இடத்துல. இதுதான் அந்த இடம்னு இவர் சொன்னார்."

"அங்க பூச்செடிதான் வேலை செய்யுது" என்றாள் மருமகள்.

"பெட்டியத் தொட்டவனுக்கு நாளைக்கு வேலை இல்ல" என்றார் முதலாளி.

நான் ஒரு முனையைப் பிடித்தேன். கனம். மறுமுனையை மூக்கன் பிடித்தான். அடுப்பு ஆட்கள் வந்தார்கள். பிடிக்க இடமில்லாதவர்கள் பிடித்தவர்களின் தோளைத் தொட்டுக்கொண்டார்கள். எல்லோரும் தொட்டாகிவிட்டது. அடுப்புக்கு மூன்றடி தள்ளி வைத்தோம். அம்மாள் கூடவே வந்து நேரம் குறித்துக்கொண்டார்.

இப்போது வேலை இல்லை. வாசலில் பதினான்கு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.

கோபத்தில் கிழவன் பெட்டியை உடைத்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. உடைக்கவில்லை. அன்று மாலை வரை அது ஓடியது. அதை அணைக்க வந்த முதலாளியை நாங்கள் விடவில்லை.