பிலோமி நடந்து வந்த பாட்டு

பித்தளையின் வாய்க்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

பேண்டு வாத்தியார் கஸ்பார் வீட்டு முற்றம். பெரிய ஊதுகுழல், வாய் மேல்நோக்கி நின்றது. உள்ளே எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஐப்பசி மழை அதை நிறைத்தது. நிறைந்த இடத்தில் ஒரு வட்ட வானம். அது அசைந்தது.

ஜெசிந்தா குடையை மடக்காமல் அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயதில் கல்யாணம். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நடக்க ஒரு பாட்டு வேண்டும். அதற்கா இத்தனை நாள் என்று எதிர்வீட்டு ஜன்னல் கேட்டது. ஜன்னலுக்குக் காரணம் தெரியும். இருந்தாலும் கேட்டது.

கடலை ஒட்டிய இந்த ஊரில் ஒரு வழக்கம். ஒரு பெண் எந்தப் பாட்டில் மணமகளாகக் கோயிலுக்குள் வந்தாளோ, அதே பாட்டில்தான் ஒருநாள் கல்லறைக்குப் போவாள். அதே பேண்டு செட். அதே சிவப்புச் சட்டை. டிரம் மட்டும் அடிக்கமாட்டார்கள். பாட்டு மெதுவாகும்.

அதனால் கஸ்பார் எந்தப் பாட்டையும் இரண்டு விதமாக ஊதிக் காட்டுவார். மாப்பிள்ளை லாம்பர்ட்டை அண்ணன் என்று கூப்பிடுகிறவர். கல்யாணத்துக்கு முன்பே ஜெசிந்தாவை மைனி ஆக்கிவிட்டார்.

"மெதுவா ஊதுனா எப்படி இருக்குன்னும் கேட்டுக்கிடுங்க மைனி. பொறவு மாத்த முடியாது."

துள்ளலான சினிமாப் பாட்டு ஒன்று. மெதுவாக ஊதியபோது வயிற்றுவலிக்காரன் முனகுவதுபோல இருந்தது. இங்கிலீஷ் மெட்டு ஒன்று. மெதுவாக ஊதினால் ராணுவத் தளபதிக்குப் பொருந்தும், கூட்டுறவு வங்கிக் காசாளரான அவளுக்குக் கொஞ்சம் அதிகம். ஜெசிந்தாவே சிரித்துவிட்டாள்.

ஆனால் எந்தப் பாட்டுக்கும் அவள் கால் அசையவில்லை.

அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. பாவாடை தாவணி வயதில், பாடற்குழுவின் கடைசி பெஞ்சில், தனக்கென்று எடுத்துவைத்த மெட்டு. பக்கத்தில் பிலோமி. எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட பிலோமி.

பிலோமிக்கும் லாம்பர்ட்டுக்கும் நிச்சயமானது. பிலோமிக்கு ஒரு பாட்டும் பிடிக்கவில்லை. ஜெசிந்தா தன்னுடையதைக் கொடுத்தாள். சேலை இரவல் கொடுப்பதுபோல. சேலையாவது திரும்பி வரும்.

லாம்பர்ட்டையும் சேர்த்துத்தான் கொடுத்தாள் என்று தெருவில் சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. வேலை இருந்தாலும் சொல்வார்கள்.

பிறகு ஒரு காய்ச்சல். இதேபோல ஓர் ஐப்பசி. இதே மழை. பிலோமி வந்த பாட்டிலேயே பிலோமி போனாள். மெதுவாக. மிக மெதுவாக. லாம்பர்ட் குடை இல்லாமல் பின்னால் நடந்தான்.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பாட்டை ஊதவில்லை. செத்தவள் பாட்டைக் கேட்க எந்த மணப்பெண்ணுக்குத் துணிச்சல்.

போன வாரம் வெள்ளையடித்த லாம்பர்ட் வீட்டைப் பார்க்க ஜெசிந்தா போயிருந்தாள். புதுத் திரை. புது நாற்காலி. பின்கட்டில் லாம்பர்ட், பிரித்துப் போட்ட லாஞ்சுப் படகின் எஞ்சின்மேல் குனிந்திருந்தான். கை கிரீஸில். வாயில் ஒரு முனகல்.

அந்தப் பாட்டு. மெதுவாக. மிக மெதுவாக.

என்ன பாட்டு என்று கேட்டாள். நான் எங்கே பாடினேன் என்றான். பொய் இல்லை. அவனுக்கே தெரியவில்லை.

அவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள். இந்த வீட்டிலிருந்து தினமும் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்கி முடிந்தால்தானே இன்னொருத்தி உள்ளே வர முடியும்.

அதைச் சொல்லவில்லை அவள். மழை முற்றத்தில் கஸ்பாரிடம் இதை மட்டும் சொன்னாள்.

"பிலோமி பாட்டையே ஊதுங்க."

கஸ்பார் ஊதுகுழலைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். "வேண்டாம் மைனி. நாளைக்கு உங்களுக்கும் அதத்தான் ஊதணும்."

"ஊதுங்க. இப்போ வேகமா ஊதுங்க. நீங்க அன்னைக்கு மெதுவா ஊதுனது இன்னும் அவுக வாயில நிக்கி."

எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. செய்தி கொண்டுபோக வேண்டிய வீடுகள் நிறைய இருந்தன.

கல்யாணத்தன்றும் மழை. கோயில் நிறைந்திருந்தது. பாதிப் பேர் வாழ்த்த வந்தவர்கள். மீதிப் பேர் என்ன நடக்கிறதென்று பார்க்க வந்தவர்கள்.

வாசலில் ஜெசிந்தா. வெள்ளைச் சேலை. வெள்ளைப் பூ. கஸ்பார் கையைத் தூக்கினார்.

மெதுவாக வந்தது பாட்டு.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கடைசியாக எப்படி ஊதினார்களோ அப்படியே விரல்கள் போயின. டிரம்காரன் குச்சியைத் தாழ்த்திக்கொண்டு நின்றான், அன்றைக்கு நின்றதுபோலவே. பெஞ்சுகளில் சேலைத் தலைப்புகள் தாமாகத் தலைக்கு ஏறின.

பீடத்தருகே லாம்பர்ட்டின் தலை தாழ்ந்தது. பிலோமியின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்த தலை.

அப்படியே நடந்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் நடந்தால் அவள் மணமகள் இல்லை. இறுதி ஊர்வலத்தின் கடைசி ஆள்.

ஜெசிந்தா குதிகாலைத் தரையில் அடித்தாள். டக்.

கல்தரை. ஈரம். டக். டக். எஞ்சினைத் தட்டிக் கிளப்புவதுபோல.

டிரம்காரன் விழித்துக்கொண்டான். குச்சி எழுந்தது. பெரிய ஊதுகுழல் தொண்டையில் மழைத்தண்ணீரோடு ஒருமுறை கொப்பளித்தது. பிறகு பாட்டு ஓடத் தொடங்கியது. அவள் அதற்கு முன்னால் நடந்தாள்.

லாம்பர்ட் நிமிர்ந்தான். யாரைப் பார்த்தான் என்று தெரியாது. அவள் போன வழியில் ஈரச் சுவடுகள். ஒருத்தியுடையவைதானா என்று தெரு குனிந்து பார்த்தது.

வாக்குறுதி சொல்லும்போது கோயிலே மூச்சைப் பிடித்தது. எந்தப் பெயர் வரும். அவன் அவள் பக்கம் திரும்பினான். ஜெசிந்தா என்றான். தெருவுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

இப்போதும் எஞ்சின்மேல் குனிந்தால் லாம்பர்ட் அதைத்தான் முனகுகிறான். வேகமாக. சில மழை நாட்களில் அது மெதுவாகிக்கொண்டே வரும். அப்போது அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் கேட்கும்.

டக்.

கஸ்பார் வீட்டு முற்றத்தில் பெரிய ஊதுகுழல் வாய் திறந்து காத்திருக்கிறது. அதற்குள் மழை பெய்கிறது. இரண்டு பெண்களுக்கும் ஒரே வட்ட வானம்.

அது அசைகிறது.