ஒன்பதாவது ஓட்டம்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் நீங்கள் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள்.

பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே நரைத்த மனிதர் ஒருவர், இரண்டு கால்களும் தரையில் இல்லாமல் இருந்தார். தொப்பென்று இறங்கினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "செக்கிங்" என்றார். கையில் கருவிப்பெட்டி, கழுத்தில் அட்டை. லிஃப்ட் பரிசோதகர்தான், பொய் இல்லை. ஆனால் அந்த முகம்! வேலை செய்த முகமா அது? மிட்டாய் திருடிய முகம்.

ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தால், ஏதோ ஒளிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். என்ன ஒளிக்கிறார் என்று கண்டுபிடிக்க எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "குழந்தை உள்ளம் படைத்த அந்த

(வேண்டாம். குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் உள்ளத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாக நான் பேச மாட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "வாழ்க்கையை ரசிக்கத் தெரிந்தவர்கள்

(இது காலண்டரில் வரும்.)

சரி, அவரை விட்டுவிடுவோம். அவரைச் சந்தேகப்பட எனக்கு ஒரு ஆள் வேண்டும். அவர் மனைவியைக் கூப்பிடுகிறேன். இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சர். காப்பி அடித்தவனை அவன் பேனா மூடியைத் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார். இனிமேல் நாம் டீச்சர் பக்கம்.

டீச்சருக்கு மூன்று வருடமாகவே உறுத்தல். வாரத்தில் இரண்டு நாள் கணவர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லயே." சட்டையை மோந்து பார்த்தாயிற்று. கிரீஸ் வாசனைதான். போனையும் பார்த்தாயிற்று. லிஃப்டைத் தூக்கும் கம்பிவடத்தின் படம் நாற்பது, டீச்சர் படம் ஒன்று, அதுவும் கண் மூடியிருக்கிறது.

3

ஒரு நாள் சாயங்காலம் அவர் சிரிக்காமல் வந்தார். கையில் ஒரு படிவம்.

விஷயம் இதுதான். பரிசோதகர் தன் சாவியைப் போட்டுத் திருப்பினால் லிஃப்டில் வேறு யாரும் ஏற முடியாது. எட்டு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எட்டும் சரியாக இருந்தால் கையெழுத்து. இத்தனை வருடமும் அவர் எழுதியதுதான் கணக்கு. இந்த வருடம் முதல், எத்தனை முறை ஓடியது என்பதை லிஃப்டே நேராக ஆபீசுக்குச் சொல்லிவிடுகிறது. பதினோரு கட்டடம். அவர் அறிக்கையில் எட்டு, எட்டு, எட்டு. லிஃப்ட் சொன்னது ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

மேலதிகாரி அம்மாள் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "சந்தேகம் வந்து இன்னொரு தடவை ஓட்டுனேன்னு எழுதினா, பதினொண்ணையும் நிறுத்தணும். அதுல ஒண்ணு ஆஸ்பத்திரி. சும்மா போனேன்னு எழுதினா உங்க லைசென்ஸ் போகலாம். நாளைக்குப் பத்து மணிக்குள்ள காரணம் வேணும்."

"எந்தக் காரணம் நெஜம்?" என்றார் டீச்சர்.

"சும்மாதான் போனேன்."

"சும்மான்னா?"

"கையெழுத்து போட்டப்புறம், வேலையெல்லாம் முடிஞ்சப்புறம், ஒரே ஒரு தடவை... எனக்காக."

"யார் கூட?"

"தனியாத்தான்."

* இங்கே டீச்சர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்றால் உங்களிடம் பொருள் விற்பது சுலபம்.

4

(இங்கே அவருடைய சிறுவயது ஒன்று வந்தது. ஊஞ்சல், மாமா, மழை. அடித்துவிட்டேன். ஒருவர் சந்தோஷமாக இருக்க முன்கதை தேவையில்லை.)

5

"உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார் டீச்சர். படிவத்தில் இருந்த கட்டடப் பட்டியலைச் சமையலறை மேசையில் விரித்தார்.

"என்ன, பரீட்சையா?"

"ஆமா. ஒவ்வொரு லிஃப்டா கேப்பேன். காப்பி அடிச்சவன் எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் சொல்லுவான். நெஜமாவே போயிருந்தா பதினொண்ணும் பதினோரு மாதிரி வரணும். ஒண்ணு. செருப்புக் கடை."

"அது மூணு பக்கமும் கண்ணாடி. என் முதுகை நானே பாத்தேன். பின்னாடி இவ்ளோ வழுக்கைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சொன்னா சாப்பிட மாட்டீங்க. ரெண்டு. ஆஸ்பத்திரி."

"ஸ்ட்ரெச்சர் லிஃப்ட். மெத்துன்னு கெளம்பும். கண்ணை மூடிக்கிட்டா மேல போறமா கீழ போறமான்னே தெரியாது. நான் கீழன்னு பந்தயம் கட்டுனேன். தோத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"எங்கிட்டதான்."

"மூணு. லைப்ரரி."

"அது கீழ கெளம்பும்போது குதிச்சேன். கால் தரைக்கு வர ஒரு பொட்டு லேட் ஆகும். அந்த ஒரு பொட்டு நேரம் நான் ஆபீசர் இல்ல, யாருக்கும் புருஷன் இல்ல—"

"ஓஹோ. அதையும் குறிச்சுக்கிறேன். உள்ள குதிக்காதீங்கன்னு போர்டு மாட்டறது யாரு?"

"நாந்தான். ஆணியும் நானேதான் அடிப்பேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அதைத் திருப்பி அனுப்பினார். நாலு, அஞ்சு, ஆறு. எல்லாம் வேறு வேறு பதில். மூன்று வருட உறுத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. (எனக்கும்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.)

"ஏழு. ஆறு மாடி வீடு."

"அதுலயும் போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். வகுப்பில் அவர் பேனாவைக் கீழே வைத்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும்.

"இது உங்க பதில் இல்ல."

மேசையை விரலால் தேய்த்தார் மனிதர். "நாலாவது மாடி தாண்டும்போது ஒரு உதறல் வந்துச்சு. மொத எட்டு தடவையும் வரல. ஒன்பதாவதுல மட்டும். கையெழுத்து போட்டாச்சு. நான் குதிச்சதுனால வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சீங்களா, அப்படி நெனச்சா சௌகரியமா இருந்துச்சா?"

அவர் பட்டியலைத் தள்ளிவைத்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு."

டீச்சர் போனை எடுத்து அவர் கையில் வைத்தார். "கூப்பிடுங்க. இப்பவே."

அந்தக் கட்டடத்துக் காவலாளி எடுத்தார். பரிசோதகர் சொன்னார்: "லிஃப்டை நிறுத்துங்க. ஆள் ஏறாம பாத்துக்குங்க, போர்டு மாட்டுங்க."

"ஆறாவது மாடிக்காரங்க என்னைக் கிழிச்சிடுவாங்களே சார்!"

"என் பேரைச் சொல்லுங்க. என்னைக் கிழிக்கட்டும்."

* இந்த இடத்தில் சிலர் எழுந்து கைதட்டுவீர்கள். பார்த்தாயா, குழந்தை மாதிரி குதித்ததால்தான் பழுது தெரிந்தது என்று. தயவுசெய்து உட்காருங்கள். குதித்ததால் தெரிந்தது, சரி. குதித்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டதால் பன்னிரண்டு நாள் அந்த லிஃப்டில் ஆட்கள் போய் வந்தார்கள். ஒளித்துவைத்த சந்தோஷத்துக்குப் பின்னால் அந்த உதறலும் போய் ஒளிந்துகொண்டது. அவர் சந்தோஷத்தில் எனக்கு இப்போது குறை இல்லை. அதற்கு அவர் போட்ட பூட்டில்தான் குறை.

6

"பேசாம பதினொண்ணுக்கும் சந்தேகம்னே போட்டுடலாமா?" என்றார் அவர். "மானமாவது மிஞ்சும்."

"பத்துல பொய் எழுதினா அந்த ஒண்ணை எவன் நம்புவான்? கொடுங்க, நான் எழுதறேன். உங்க கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு."

டீச்சர் முதல் வரியை எழுதினார். இரண்டாவதற்குக் கணவர், "மேற்படின்னு போட்டுடு" என்றார்.

"போட மாட்டேன். நீங்க சொன்னது சொன்னபடிதான் வரும். வழுக்கை உட்பட."

படிவத்தில் காரணத்துக்கு விட்ட இடம் கட்டைவிரல் அகலம். டீச்சர் நான்கு தாள் தனியாக இணைத்தார்.

(இங்கேயே முடித்திருக்கலாம். கணவனும் மனைவியும் ஒரு மேசை, கீழே "முற்றும்". ஆனால் லைசென்ஸ்? அது போனால் மறுபடி ஒரு லிஃப்டிலும் அவர் சாவியைப் போட முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்க முடியாது.)

7

காலையில் இருவருமாக ஆபீசுக்குப் போனார்கள். லிஃப்டில் ஏறினார்கள். ஐந்தாவது மாடியில் இறங்கினார்கள். டீச்சர் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மேலதிகாரி அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிப் படித்தார். ஏழாவதில் நின்றார்.

"இதை எப்ப நிறுத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம் மேடம்."

"பன்னெண்டு நாள் கழிச்சு."

"ஆமா மேடம்."

சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். மற்ற பத்தையும் முதலிலிருந்து மறுபடி படித்தார். "இது உங்க எழுத்து இல்லயே. யாரு எழுதினது?"

டீச்சரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இதெல்லாம் நெஜம்னு நீங்க நம்பறீங்களாம்மா?"

"விசாரிச்சுட்டுத்தான் எழுதினேன்."

அம்மாள் தாள்களை அடுக்கித் தட்டினார். பரிசோதகரை நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு மேல வரும்போது நம்ம லிஃப்டுல எத்தனை தடவை வந்தீங்க?"

பரிசோதகர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். காது சிவந்தது.

"ரெண்டு தடவை மேடம்" என்றார் டீச்சர்.

8

ஒரு நிமிடம். இதை நான் எழுதவில்லை.

மேலே போய்ப் பாருங்கள், ஏறினார்கள், இறங்கினார்கள் என்றுதான் இருக்கிறது. ஒரே தடவை. நடுவில் என் கண்ணில் படாமல் கீழே போய் மறுபடி வந்திருக்கிறார்கள், என் கதைக்குள்ளேயே, என்னை வைத்துக்கொண்டே. என் பக்கம் என்று நம்பிக் கூட்டி வந்த ஆள் டீச்சர்!

மேலதிகாரி அம்மாளின் பேனா படிவத்தின் மேல் நிற்கிறது. அவர் முகத்தை நான் எழுதப்போவதில்லை. பன்னிரண்டு நாளுக்கு என்ன தண்டனை, பத்துச் சந்தோஷத்துக்கு என்ன தண்டனை, இரண்டும் ஒன்றா என்பதை நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கையெழுத்தும் நீங்களே போடுங்கள்.

எனக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த இரண்டாவது தடவையில் டீச்சர் குதித்தாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.