இரண்டாவது கையெழுத்து

எங்கள் வார்டில் இன்சுலின் போடும் முன் இரண்டு நர்சுகள் தனித்தனியாக அளவைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் காலையில் வந்ததுமே எல்லாத் தாளிலும் இரண்டாவது கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவேன். கூட வேலை பார்ப்பவள் ஒவ்வொரு ஊசிக்கும் "அக்கா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று ஏழாம் கட்டில் தையல்காரருக்கு எட்டு யூனிட். நான் பக்கத்துக் கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைக் கையை மடித்தபடி, ஊசி போட வந்த என் கூட்டாளி கையிலிருந்த ஊசியை உற்றுப் பார்த்தார்.

"வீட்டுல நானே போட்டுக்குவேம்மா. அடியில கொஞ்சூண்டுதான் இருக்கும். இது முக்காவாசி இருக்கே?"

எட்டிப் பார்த்தேன். எண்பது. அத்தனையும் உள்ளே போயிருந்தால் மனிதர் எழுந்திருக்க மாட்டார். அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அதற்குள் அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ரெண்டு பேரு பாத்து கையெழுத்து போட்டிருக்காங்க. எல்லாத்துலயும் நொட்டை சொல்லணுமா உங்களுக்கு?"

என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. "நான் பாக்கவே இல்லைங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாளை வாங்கி மறுபடி மாட்டினேன்.

தையல்காரர் அசடு வழியச் சிரித்தார்.

"மன்னிச்சுக்கம்மா. இந்த வாய் சும்மா இருக்காது. நீங்க போடுங்க" என்று என்னிடம் கையை நீட்டினார்.