பாவடிப் பொய்

வெண்ணந்தூர்ப் பாவடியில் வாயை மூடிக்கொண்டு எந்த நெசவாளியும் பாவுக்குக் கஞ்சி போட்டதில்லை. தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று நீவும்போது கை சோர்ந்துவிடாமலிருக்க, எவனாவது ஒரு பொய்யை அவிழ்த்துவிடுவான். பெரிய பொய்க்குப் பெரிய மரியாதை. அதில் சண்முகவேலை மிஞ்ச ஆளில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஒரு காலையில் அவன் சொன்னது இது: "சப்பான்காரன் ஏரோப்ளேன் ராசிபுரத்து ஏரியில எறங்கி நிக்குதாமா. ஓட்டியாந்தவன் கரையில குந்திக் கம்மங்கூழு குடிக்கறானாமா."

"தொட்டுக்க என்னங்களாமா?" என்றாள் அவன் மனைவி கமலவேணி.

"வெங்காயந்தான். மொளகா தாங்கமாட்டானாமா."

தெருவே சிரித்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. ஈரக் கஞ்சியில் மழை பட்டால் பாவு போச்சு. ஆணும் பெண்ணுமாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கூச்சலோடு ஓடினார்கள். மாற்றலாகி வந்திருந்த ஏட்டு ஒருவர் முக்கில் சைக்கிளோடு நின்று இதைப் பார்த்தார்.

மதியமே சண்முகவேலைப் பிடித்துப் போனார்கள். யுத்த காலத்தில் பொய் வதந்தி பரப்பி ஜனங்களை மிரட்டினானாம்.

கோர்ட்டில் ஏட்டு சத்தியம் பண்ணிச் சொன்னார்: "இவன் பேச்சைக் கேட்டு ஊரே அலறி ஓடிச்சுங்க."

"மழைக்கு ஓடுனமுங்க சாமி!" என்றான் சண்முகவேல்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் மாஜிஸ்திரேட். "விமானம் இறங்கியது நிஜமா?"

"பொய்யிங்க. பாவடியில பொய்தானுங்க பேசுவோம். எல்லாருக்கும் தெரியுமுங்க."

"பொய்யென்று தெரிந்தே சொன்னாயா?"

"தெரிஞ்சுதானுங்க..."

பேனா ஓடியது. வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நிஜமென்று நம்பிச் சொன்னேன் என்று சொல்லப்பா, தப்பித்துக்கொள்ளலாம் என்று வெளியே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சண்முகவேலுக்கு அதற்கு நாக்கு புரளவில்லை. கூழ் குடிக்கிற சப்பான்காரனை நம்பினேன் என்றால் பாவடியில் எவன் மதிப்பான்?

மூன்று மாசம்.

வராந்தாவில் கமலவேணி நின்றிருந்தாள். "பாதிக் கஞ்சியோட பாவு அப்படியே கெடக்குதுங்க. புளிச்ச நாத்தம். கரப்பான் திங்குது. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

சண்முகவேல் விலங்கைப் பிடித்திருந்த ஏட்டிடம் திரும்பினான். "ஏனுங்க, அன்னைக்குத் தூத்தல்ல உங்க சட்ட நனைஞ்சுதுங்களா, இல்லீங்களா?"

"நனைஞ்சுது" என்றார் ஏட்டு. "அத யாரும் கேக்கலியே."

விலங்கை இழுத்தார்.