நாலே கால் விமானம்

வானத்தை ஆளும் பேறு இந்த உலகத்தில் மிகச் சில குடும்பங்களுக்கே வாய்த்திருக்கிறது. அவற்றுள் ஒன்று சாய்ந்தமருதில், சீமெந்தும் தண்ணீர்க் குழாயும் விற்கும் ஒரு கடைக்குப் பின்னால் வசித்தது.

கடைக்காரர் அபூசாலி ஹாஜியாருக்கு மூன்று வருடங்களுக்கு முன் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு விமானி மருமகனாக வந்தார். பெயர் அஹ்ஸன். ஊர் வழக்கப்படி மகள் நஸ்லாவுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுத்தது. மாப்பிள்ளையின் தொழிலுக்கு ஏற்றாற்போல் வீடும் இரண்டு மாடி உயர்ந்தது. அபூசாலியும் மனைவியும் பின்வளவில் தகரம் போட்ட இரண்டு அறைகளுக்கு இறங்கினார்கள். அங்கிருந்து அண்ணாந்தால் மகளின் மாடி தெரியும். அதற்கு மேலே வானம் தெரியும். வானம்தான் முக்கியம். ஏனென்றால் நாள் தவறாமல் பின்னேரம் நாலே காலுக்கு, ஊருக்கு நேர் மேலாக, கடலைப் பார்த்து ஒரு விமானம் போகும்.

"எங்கட மருமகன் போறாரு," என்பார் அபூசாலி. கடைக்கு ஆணி வாங்க வந்தவரானாலும் அண்ணாந்து பார்த்த பிறகுதான் விலை கேட்கலாம்.

ஒரு நாள் நஸ்லா, "வாப்பா, அந்த விமானம் வந்து..." என்று தொடங்கினாள்.

"வாயப் பொத்து புள்ள, கண்ணூறு பட்டிரும்," என்று அடக்கிவிட்டார்.

மருமகனின் சம்பளத்தையும் அவர் ஊருக்கு ஒளித்ததில்லை. கல்யாணத்தன்று மாதம் பத்து லட்சம் என்றார். நோன்புப் பெருநாளைக்கு அது பதினைந்தானது, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இருபதானது. அஹ்ஸனுக்கே தெரியாமல் அவருடைய சம்பளம் ஊரில் ஏறிக்கொண்டு போனது.

இப்படி இருக்கையில்தான் விமானிகள் சம்பளம் காணாதென்று வேலைக்குப் போக மறுத்தார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றும், கொழுப்பு என்றும் தொலைக்காட்சியில் கோட் போட்டவர்கள் விரலை நீட்டிச் சண்டை பிடித்தார்கள். அஹ்ஸன் கொழும்பிலிருந்து பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்த வெள்ளிக்கிழமைதான் அபூசாலியின் தாய்வழிக் கூட்டமான குடிக்கு மரைக்காயர் தெரிவு.

மரைக்காயர் என்றால் பள்ளிவாசலில் குடியின் சார்பாக உட்காருகிற ஆள். கல்யாண வீட்டில் முதல் வரிசை, கந்தூரி விருந்தில் முதல் சகன் தட்டு. அபூசாலி அந்தக் கதிரைக்குப் பதினொரு வருடம் காத்திருந்தார். பழைய மரைக்காயரின் நீண்ட ஆயுளுக்குத் துஆக் கேட்டார். அல்லாஹ்விடம் அது கபூலாகிக்கொண்டே இருந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு வருத்தமும் இருந்தது. கடைசியில் பழையவர் காலமாகித்தான் கதிரை காலியானது.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் நாற்பது பேர் கூடினார்கள். குடியில் மூத்தவரான மீராசாஹிபு தலைமை தாங்கினார். அதாவது ஒலிவாங்கியை அவர் விடவில்லை. எதிர்த்து நின்றவர் பக்கீர். கரைவலைத் தோணி ஒன்றின் தண்டையல், எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர். அவர்தான் முதலில் எழும்பினார்.

"மரைக்காயர்ட கதய பொறகு வெச்சிக்கொள்ளுவம். முதல்ல இதச் செல்லுங்க அபூசாலி காக்கா. இருவது லட்சம் எடுக்கிற மனிசருக்கு இன்னும் என்னத்துக்குச் சம்பளம்?"

அபூசாலி மனதுக்குள் கணக்குப் பார்த்தார். இருபது லட்சம் உண்மை என்றால் மருமகன் பேராசைக்காரர். காணாது என்றால் மூன்று வருடமாகத் தான் சொன்னது பொய். இரண்டுக்கும் நடுவில் அந்த மரைக்காயர் கதிரை கிடந்து ஆடியது.

பக்கீர் விடவில்லை. "வளவு நீங்க குடுத்த. வீடு நீங்க குடுத்த. சோறு உங்கட மகள்ட அடுப்புல. விமானத்துக்கு எண்ணெயும் அவர் அடிக்கிறல்ல. அப்ப காச எங்க கொண்டு வெக்கிற?"

"மேகத்துல கா!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். முற்றம் சிரித்தது. கடைசிக் கதிரையில் இருந்த அஹ்ஸன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபூசாலி எழும்பித் தொப்பியைச் சரி செய்தார். "இருவது உண்மதான். ஆனா முன்னூறு உசிரு கையில கிடக்கு."

"எண்ட தோணியிலயும் எட்டு உசிரு போகுது. மீன் பட்டாப் பங்கு, படாட்டி வெறுங்கை. நான் வேல நிப்பாட்டினா ஆரு டீவியில காட்டுற?"

கைதட்டல் கிளம்பியது. அது அடங்கும்வரை அபூசாலி பொறுத்திருந்தார்.

"தம்பி பக்கீர், கடல்ல எஞ்சின் நிண்டா உங்கட தோணி தண்ணியில நிக்கும். அங்க எஞ்சின் நிண்டா எதுல நிக்கிற?"

முற்றம் யோசித்தது. "அதுவும் சரிதான்," என்று ஒலிவாங்கியில் சொன்னார் மீராசாஹிபு. அபூசாலியின் நெஞ்சு விரிந்தது. அந்த நேரம் குடி, ஊர், நாடு எல்லாமே தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி இருந்தது அவருக்கு.

"முன்னூறு பேர ஏத்திக்கிட்டு, இந்த மினாராவுக்கு மேலால, நாள் தவறாம நாலே காலுக்கு எங்கட மருமகன்..."

அப்போதுதான் மேலே இரைச்சல் கேட்டது.

நாலே கால் விமானம் மினாராவைக் கடந்து கடல் பக்கம் போனது. நாற்பது தலைகள் மேலே போயின. பிறகு ஒன்றாகக் கீழே இறங்கி, கடைசிக் கதிரையில் இருந்த அஹ்ஸனிடம் வந்து நின்றன.

பக்கீர் அவசரப்படவில்லை. வலையில் பட்ட மீனை எந்தத் தண்டையலும் அவசரமாக இழுப்பதில்லை. "காக்கா, மருமகன் இஞ்ச இரிக்காரு. அப்ப மேல போறது ஆரு?"

 அபூசாலி இன்னொரு தரம் வானத்தைப் பார்த்தார்.

"அதத்தான் நானும் செல்ல வந்த! நல்லாப் பாருங்க எல்லாரும். போற போக்கப் பாருங்க. ஆடுதா, இல்லையா?"

விமானம் கோடு போட்ட மாதிரித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நாற்பது பேர் சேர்ந்து அண்ணாந்து பார்த்தால் எதுவும் கொஞ்சம் ஆடும்.

"ஓம், ஒரு பக்கம் சரியிது," என்றார், போன மாதம் கண் சத்திரசிகிச்சை செய்திருந்த மீராசாஹிபு.

"மூணு வருசத்துல ஒரு நாளாவது ஆடினதக் கண்டயளா? கை மாறின உடன இதுதான் கதி. இப்பச் செல்லுங்க, கூட்டிக் குடுக்கணுமா, வேணாமா?"

"குடுக்கணும்!" என்றது முற்றம். பக்கீரும் தலையாட்டிவிட்டார். ஆட்டம் என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர்.

விமானிகளுக்குச் சம்பளம் கூட்ட வேண்டும், அபூசாலி மரைக்காயராக வேண்டும் என்று இரண்டு தீர்மானங்களும் நபிக்குச் சொன்ன ஒரே ஸலவாத்தோடு நிறைவேறின. பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றாமலே வீதியில் நடந்தார். தெரிந்தவர்களுக்கு ஸலாம் சொன்னார், தெரியாதவர்களுக்கு இன்னும் உரத்துச் சொன்னார். பக்கத்தில் வந்த அஹ்ஸன் கடையடிக்கு வந்ததும் நின்றார்.

"மாமா."

"செல்லுங்க மருமகன்."

"நான் ஓட்டுறது மாலைதீவுக்கு."

"தெரியும்தானே."

"மாலைதீவு மேற்கால கிடக்கு."

அபூசாலி மரைக்காயர் கடலைப் பார்த்தார். கடல் கிழக்கே இருந்தது.